சாவியோடு போன சம்பந்தியம்மா

வண்டியம்மா என்ற பெயரை அவளுக்கு யார் வைத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் ஓட்டுநர் வராமல் போக, "நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டு, பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த இருக்கையிலிருந்து அவளை யாராலும் இறக்க முடியவில்லை. மூச்சு விட்டால் வெள்ளையாகத் தெரியும் குளிரில், தடித்த கோட்டும் கையுறையுமாக, இரண்டு பக்கமும் உத்தரம் வரை அடுக்கிய மீன் பெட்டிகளுக்கு நடுவே அவள் வண்டியைத் திருப்பினால், பார்ப்பவர்கள்தான் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பெட்டியின் மூலைகூட நசுங்காது.

கிடங்கு வேறு ஊருக்கு மாறியபோது ஐம்பதைத் தாண்டியவர்களை எல்லாம் ஒரு பூங்கொத்தும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறையே அவர் கடை. சும்மா இருக்கத் தெரியாத வண்டியம்மா அவருடைய துணிச்சுருள்களை உயரவாரியாக அடுக்கினாள். பிறகு எடைவாரியாக மாற்றி அடுக்கினாள். மூன்றாவது தடவை கை வைத்தபோது தையற்காரர் வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"இது கிடங்கு இல்லம்மா. என் வயித்துப்பாடு. நீலத்துணி எங்கன்னு தேடியே எனக்குப் பாதி நாள் போகுது."

அவள் சிரித்தாள். ஆனாலும் கை கால் திடமாக இருக்கிறது, கண் கழுகுக் கண்; இருந்தும் தன்னை ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்களே என்ற ஆற்றாமை.

அவர்களுக்கு ஒரே மகள். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் கொஞ்சம் வசதியானது. சம்பந்திக்குக் கடைத்தெருவில் டைல்ஸ் கடை. கடைக்கு மேலே வீடு, பின்னால் சரக்கு இறக்கும் முற்றம். மனிதர் நல்லவர்தான். ஆனால் எதிலும் அவருக்குப் பளபளப்பு வேண்டும். தரையில் முகம் தெரிய வேண்டும், செருப்பில் முகம் தெரிய வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று, "உங்களுக்கு என்ன வேலைங்க?" என்று வண்டியம்மாவைக் கேட்டவர், பதிலைக் கேட்டுவிட்டு நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். நிஜம் என்று தெரிந்த பிறகு, தன் உறவுக்காரர்களிடம் "பெரிய கம்பெனியில மேற்பார்வை" என்று மாற்றிச் சொல்லிவிட்டார். கல்யாண வீட்டில் எதற்கு வம்பு என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் சுருக்கென்றுதான் இருந்தது.

அந்தச் சம்பந்தியே ஒருநாள் மாப்பிள்ளையை அனுப்பினார்.

"அத்தை, அப்பா ஒரு ஃபோர்க்லிஃப்ட் வாங்கப் போறாரு. பழசுதான். ஆள் வச்சு இறக்கினா லாரிக்கு ரெண்டு பெட்டி உடையுது, இறக்குறவங்க இடுப்பும் உடையுது. வண்டி பேசி முடிச்ச மாதிரிதான். சும்மா ஒரு வார்த்தை நீங்களும் பாத்துச் சொன்னா நல்லாருக்கும்னு…"

"அப்பா சொன்னாரா, நீங்களா கேக்குறீங்களா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை கழுத்தைச் சொறிந்தார். "அம்மா சொன்னாங்க" என்றார்.

சம்பந்தியின் மனைவி கடையில் கல்லாவில் உட்காருபவர். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். அவரா சொன்னார் என்று வண்டியம்மாவுக்கு ஆச்சரியம். மறுநாள் காலை பத்து மணிக்கு, வண்டி விற்பவரின் கொட்டகைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் எட்டரைக்கே போய் நின்றாள்.

வண்டி புத்தம்புது மஞ்சள் பெயிண்டில் ஜொலித்தது. டயருக்குக்கூடக் கறுப்பு மை பூசியிருந்தார்கள். விற்பவர் அப்போதுதான் எதையோ முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "சீக்கிரமே வந்துட்டீங்களே" என்று இளித்தார். வண்டியம்மா பதில் சொல்லாமல் என்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது.

சம்பந்தி வந்து சேர்ந்தபோது அவள் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சம்பந்தியம்மா, வண்டி எப்படி? ராஜா மாதிரி இல்ல?"

"ராஜாவுக்கு உடம்பு சுடுது சம்பந்தி. ஆறட்டும்."

"ஆறணுமா? எதுக்கு?"

"நமக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சிருக்காங்க. சூடா இருந்தா எந்தக் கிழட்டு என்ஜினும் கிளம்பும். தினம் காலையில உங்க முற்றத்துல இது சில்லுனுதான் நிக்கும். அப்பக் கிளம்புதான்னு பாக்கணும்."

விற்பவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு வேறு வேலையில்லையா என்றார், இன்னொருத்தர் மதியம் வருகிறார் என்றார். வண்டியம்மா, "வரட்டும், அவருக்கும் இன்னொரு வாளி இருக்கா?" என்று கேட்டுவிட்டு அசையாமல் இருந்தாள். சம்பந்திக்குத் தர்மசங்கடம். வெயில் ஏறியது. அவர் செருப்பில் தூசி படிந்தது. ஒரு வழியாக மூடி ஆறியதும் சாவியைத் திருப்பச் சொன்னாள். வண்டி இருமியது. மறுபடி திருப்பினார்கள், கனைத்தது. அதற்கு மேல் அதற்கும் பேச விருப்பமில்லை. விற்பவர் பேட்டரியைக் குறை சொன்னார், டீசலைக் குறை சொன்னார், கடைசியில் காலநிலையையே குறை சொன்னார்.

திரும்பி வரும்போது சம்பந்தி செருப்பின் தூசியைத் தட்டினார். பிறகு, "பெயிண்டைப் பாத்து ஏமாந்துட்டேனே" என்றார்.

"நீங்க மட்டுமா? பெயிண்ட் இருக்கிறதே அதுக்குத்தானே."

அடுத்துப் பார்க்கப்போன வண்டி ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நின்றது. அதைப் பார்த்ததும் சம்பந்தி இரண்டடி பின்வாங்கினார். அது ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் எல்லாம் சொட்டை. இருக்கை கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. முன்விளக்கு ஒன்று இல்லை. தொழிற்சாலைக்குப் புது வண்டி வந்துவிட்டதால் இதைத் தள்ளிவிடுகிறார்கள்.

மூடி சில்லென்று இருந்தது. வண்டியம்மா ஏறி உட்கார்ந்தாள். கிடங்கை விட்ட பிறகு இப்போதுதான் ஒரு வண்டியில் ஏறுகிறாள். கிழிந்த இருக்கை முதுகில் பட்டதும் உடம்பு தானாக நிமிர்ந்துகொண்டது. சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே, தூக்கத்திலிருந்து எழுப்பிய காவல்காரன் மாதிரி ஒரு உறுமல். கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு அதுவும் நின்றுபோனது.

அட்டைக் கட்டுகள் அடுக்கிய ஒரு பேலட் மரத்தட்டைத் தூக்கி நெஞ்சு உயரத்தில் நிறுத்தினாள். முன்னால் நிற்கும் இரும்புச் சட்டத்தில் ஒரு சாக்குக்கட்டிக் கோடு போட்டாள். என்ஜினை அணைத்துவிட்டு, "வாங்க, டீ குடிக்கலாம்" என்றாள். சம்பந்திக்கு இப்போது விவரம் பிடிபட்டுவிட்டது. "எண்ணெய் கசிஞ்சா சுமை தானா கீழ இறங்கும், அதானே?" என்றார். டீயைக்கூட நிதானமாகவே குடித்தார். திரும்பி வந்து பார்த்தபோது சுமை கோட்டிலிருந்து ஒரு நகக்கண் அளவுதான் இறங்கியிருந்தது.

"இது என்ஜின் நல்ல என்ஜின். கியரும் கச்சிதம்" என்றாள். "குறை இல்லாம இல்ல. தூக்குற செயின் தேஞ்சிருக்கு, மாத்தணும். சாய்க்கிற சிலிண்டர்ல எண்ணெயைப் பிடிச்சு வைக்கிற சீல் போயிருக்கு. ரெண்டையும் சொல்லி விலையைக் குறைங்க."

"எல்லாம் சரி சம்பந்தியம்மா. ஆனா இதை என் கடை வாசல்ல நிறுத்தினா, டைல்ஸ் வாங்க வர்றவன் காயலான் கடைன்னு நினைச்சுத் திரும்பிப் போயிடுவானே!"

"வாசல்ல எதுக்கு நிறுத்துறீங்க? பின்னாடி நிறுத்துங்க. வாங்குங்க சம்பந்தி. இதுக்கு நான் பொறுப்பு."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்ததும் கவலை பிடித்துக்கொண்டது. நாளைக்கு இந்த வண்டி படுத்துக்கொண்டால் பேச்சு யார் காதில் விழும்? மேலே குடியிருக்கும் மகள் காதில்தான். அதனால் வண்டி வந்து இறங்கிய முதல் வாரம் அவள் தினமும் அந்த முற்றத்தில்தான் இருந்தாள். பழைய எண்ணெய் எல்லாவற்றையும் வடித்தாள். ரேடியேட்டரில் பல வருட அட்டைத்தூள் அடைத்து மெத்தையாகக் கிடந்தது. அதைப் பல் குத்துவது போலக் குச்சியால் குத்திக் குத்தி எடுத்தாள். கிரீஸ் வைக்க வேண்டிய இடங்களில் பாதிக்கு மேல், அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாமல் அழுக்கு மூடியிருந்தது. ஒவ்வொன்றையும் தோண்டிக் கண்டுபிடித்தாள்.

செயினை அளக்கத் தையற்காரரையே கூட்டிப் போனாள். அவர் கழுத்தில் நாடாவோடு வந்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, பழைய செயினையும் புதிதாக வாங்கி வந்த செயினையும் ஒரே எண்ணிக்கைக் கண்ணிகளுக்கு அளந்தார். பழையது விரற்கடை நீண்டிருந்தது.

"இடுப்பு லூசாயிடுச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். "பிடிச்சுத் தைக்க முடியாது. புதுசுதான்."

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மதியம் கடைக்கு வந்த ஒரு கட்டட மேஸ்திரியிடம், "இவங்க எங்க சம்பந்தியம்மா. ஃபோர்க்லிஃப்ட்ல கரை கண்டவங்க" என்று அவராகவே அறிமுகம் செய்து வைத்தார். கிரீஸ் கையைத் துடைக்கத் துணி தேடுவது போல வண்டியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சிலிண்டரின் சீலும் மாறிய பிறகு மாப்பிள்ளைக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். மாப்பிள்ளை கற்பூரம், சட்டென்று பிடித்துக்கொண்டார். வண்டியும் ஒழுங்காக உழைத்தது. டைல்ஸ் உடைவது நின்றது. அவளும் வீடு திரும்பி, துணிச்சுருள்களின் பக்கம் போகாமல் கொஞ்ச நாள் சமர்த்தாக இருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் மகளைப் பார்க்கப் போனவள், பின்வாசல் வழியாக முற்றத்துக்குள் நுழைந்தாள். நுழைந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

லாரியில் கிரானைட் பலகைகள் ஒரே கட்டாக வந்திருந்தன. அந்தக் கட்டு வண்டி தாங்கும் எடையை விடக் கூடுதல் என்பது பார்த்தாலே தெரிந்தது. முன்னால் சுமை இழுக்க, பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிக்கொண்டிருந்தன. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு செருப்பு நுழையலாம். ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால்தான் திரும்பும். அது தரையில் இல்லையென்றால் ஸ்டீயரிங் வெறும் தட்டு. அதைச் சமாளிக்க, சுமை இறக்கும் ஆட்கள் இரண்டு பேரை வண்டியின் முதுகில் ஏற்றி நிற்க வைத்திருந்தார்கள். உள்ளே மாப்பிள்ளை, வியர்வை வழிய. எதிரே சம்பந்தி கையை ஆட்டி, "அப்படித்தான்! தூக்கு தூக்கு!" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்.

கத்தினால் மாப்பிள்ளை பதறுவார் என்று அவளுக்குத் தெரியும். நேராக அவர் கண்ணில் படும்படி போய் நின்று, உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல மெல்ல இறக்கிக் காட்டினாள். மாப்பிள்ளை புரிந்துகொண்டு சுமையை லாரித் தட்டிலேயே திரும்ப வைத்தார். பின்சக்கரங்கள் தொப்பென்று தரையில் உட்கார்ந்தன. வண்டியம்மா எட்டி என்ஜினை அணைத்தாள். சாவியை உருவினாள்.

"இறங்குங்க மாப்பிள்ளை."

சம்பந்தி வேகமாக வந்தார். "என்னம்மா இது? லாரிக்காரன் நிக்கிறான். ஒரே ஒரு தடவைதானே!"

"ஒரே ஒரு தடவை கவுந்தா போதும் சம்பந்தி."

"பின்னாடி ஆள் நிக்கிறாங்கல்ல?"

"அவங்களும் சேந்து விழுவாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஆட்கள் முன்னால், லாரிக்காரன் முன்னால். சம்பந்தியின் முகம் சிவந்தது. "என் கடை, என் வண்டி. நான் பாத்துக்கறேன். சாவியைக் கொடுங்க."

"வண்டி உங்களுதுதான்" என்றாள் வண்டியம்மா. குரல் உயரவில்லை. "அதுல உக்காந்திருக்கிறது என் பொண்ணோட வாழ்க்கை."

மாடிப்படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, அவர் என் மாமனார்மா, கொடுத்துரும்மா" என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாவியைக் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, வந்த வழியே போய் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. தையற்காரர் மட்டும் மிஷினை மிதித்துக்கொண்டே, "செஞ்சது சரிதான்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனா பொண்ணு வீட்டுக்கு வந்துட்டா படுக்க இடம் பண்ணணும். அந்தச் சுருளை எல்லாம் மறுபடி நீதான் அடுக்கணும்" என்றார். அழ ஆரம்பித்தவள் அதில் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை முன்னறை வாசலில் சம்பந்தி நின்றார். கூட அவர் மனைவி. தையற்காரர் எழுந்து, தைத்துக்கொண்டிருந்த காற்சட்டையை நகர்த்தி இடம் பண்ணினார். "அளவு எடுக்கவா, இல்ல வேற விஷயமா?" என்று கேட்டார்.

சம்பந்தி உட்கார்ந்தார். மனைவியைப் பார்த்தார். மனைவி, "சொல்லுங்க. அங்க சொன்னதை இங்கயும் சொல்லுங்க" என்றார்.

"நேத்து உங்க மேல பயங்கர கோவம் சம்பந்தியம்மா. மாடிக்குப் போனேன். இவ சோறு போடல. தட்டை என் முன்னாடி கவுத்து வச்சுட்டு, 'எனக்கு ஒரே புள்ள'ன்னா. வேற ஒண்ணும் சொல்லல." அவர் கையை விரித்தார். "அதுக்கப்புறம் லாரிக்காரனை விட்டுக் கட்டைப் பிரிச்சு, ரெண்டு ரெண்டு பலகையா கையாலதான் இறக்கினோம்."

"அதையே வண்டியில ரெண்டு நடையா இறக்கியிருக்கலாம்" என்றாள் வண்டியம்மா. பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

சம்பந்தி வாங்கவில்லை. "சாவி கேட்டு வரல. ஓட்டுறதுக்கு ஆள் கேட்டு வந்தேன். புள்ளைக்குக் கடையிலேயே வேலை தலைக்கு மேல இருக்கு. நீங்க வரணும். வண்டிப் பக்கம் நீங்க சொல்றதுதான் சட்டம். நான் 'தூக்கு'ன்னாலும் நீங்க வேணாம்னா வேணாம்தான்."

அவள் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். தையற்காரர்தான் குறுக்கே வந்தார்: "சம்பந்தி வீட்டுலயே சம்பளத்துக்குப் போனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்களே."

"பேசட்டும்" என்றாள் அவள். "நான் சும்மா வந்து போனா அது உபகாரம். ஒருநாள் கோவம் வந்தா, 'நீ யார் கேக்க'ன்னு சொல்லிடலாம். சம்பளம் வாங்கினா அது என் வேலை. என் வேலையில யாரும் குறுக்க வர முடியாது. சொந்தம் மாடியில, வேலை முற்றத்துல. சம்மதமா சம்பந்தி?"

"முழுச் சம்மதம்" என்றார் அவர்.

இப்படித்தான் வண்டியம்மா மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் கடை ஷட்டர் ஏறும் முன்பே அவள் முற்றத்தில் இருப்பாள். எண்ணெய் பார்த்து, டயரைத் தட்டி, செயினைத் தடவி, ஒரு வட்டம் சுற்றிவந்த பிறகுதான் சாவி உள்ளே போகும். சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் என்றாலும், வாசலில் குழந்தையின் இருமலைக் கேட்ட தாய் மாதிரி தலையைத் திருப்புவாள். எல்லாப் பழுதும் தீர்ந்த பிறகு, பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று சம்பந்திக்கு அனுமதியும் கொடுத்தாள். அவர் நாலைந்து நாள் யோசித்து, ஒரு சிவப்பைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் நின்றே அடிக்க வைத்தார். கடைத்தெருவில் யாராவது பழைய வண்டி வாங்கப் போனால் இப்போது முதலில் அவளிடம்தான் வருகிறார்கள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. லாரி எதுவும் வரவில்லை. அவள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சம்பந்தியின் மனைவி கல்லாவை விட்டு இறங்கி முற்றத்துக்கு வந்தார். வெகுநேரம் ஸ்டீயரிங்கையே பார்த்தார்.

"அண்ணி" என்றார். "இது… என்னால முடியுமா?"

"எது அண்ணி?"

"ஓட்டுறது. இருவது வருஷமா அந்தக் கல்லா ஜன்னல் வழியா லாரி வர்றதையும் போறதையும் பாக்குறேன். நீங்க வந்ததுலேருந்து கணக்கே ஓட மாட்டேங்குது. கண்ணு இங்கயே நிக்குது."

வண்டியம்மா துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். இருக்கையைத் தட்டினாள். "ஏறுங்க. முதல்ல பெல்ட்டைப் போடுங்க."

சம்பந்தி கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு வாரம் வெறும் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டினார்கள். அடுத்த வாரம் காலி பேலட். அதற்கடுத்து, ஒரே ஒரு அடுக்கு டைல்ஸ். அந்த அம்மாள் நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு இரும்புக் கைகளைப் பேலட்டுக்கு அடியில் நுழைத்தார். ஒரு பக்கம் லேசாக இடித்தது. பின்வாங்கி மறுபடி வந்தார். இந்தத் தடவை வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. தூக்கினார். கணுக்கால் உயரத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, யாரும் சொல்லாமலே கழுத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

கடையின் பின்வாசலில் சம்பந்தி டீ தம்ளரோடு நின்றிருந்தார். தம்ளர் வாய்க்குப் போகவில்லை. "யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்கவும் தோன்றாமல், "ஏய், பாத்து…" என்று ஆரம்பித்தார்.

"தள்ளி நில்லுங்க" என்றார் மனைவி, வண்டியிலிருந்தபடியே. "வண்டி வருதுல்ல?"

அவர் தள்ளி நின்றார். வண்டியம்மா கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து, சிவப்பு வண்டி ஈரத்தரையில் கோடு இழுத்துக்கொண்டு போய்க் கடையின் சரக்கு அறைக்குள் நேராக நுழைவதைப் பார்த்தாள். அண்ணி திருப்பம் எடுத்த விதத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தேடித்தான் பார்த்தாள்.